பாலிமர் கிளேயில் பூ மணி: பெரிதாகக் கட்டி, பொடிதாகச் சுருக்கி

நான் செய்த மணியைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இவ்வளவு சின்னப் பூவை எந்த பிரஷ்ஷால் வரைந்தீர்கள்?" என்றுதான். பிரஷ்ஷைத் தொடவே இல்லை. அந்தப் பூ முதலில் நாலு சென்டிமீட்டர் அகலத்தில் இருந்தது. ஆறு இதழ், நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு, சுற்றிலும் கரும்பச்சை என்று பாலிமர் கிளேயில் ஒரு தடித்த கட்டையாகக் கட்டினேன். அப்புறம் அந்தக் கட்டையைச் சுற்றிச் சுற்றி அமுக்கிச் சுண்டுவிரலை விட மெலிதாக்கினேன். உள்ளே இருந்த பூவும் கூடவே சிறுத்தது. அதை வில்லை வில்லையாக நறுக்கி ஒரு உருண்டையின் மேல் ஒட்டினால் பூ மணி.

இந்த யோசனை கண்ணாடிக்காரர்களுடையது. மில்லெஃபியோரி என்று இத்தாலிய மொழியில் சொல்வார்கள். ஆயிரம் பூக்கள் என்று பொருள். வெனிஸ் நகரத்தை ஒட்டிய முரானோ தீவின் கண்ணாடி வேலையால் உலகம் அறிந்த பெயர் அது. அவர்கள் உருகிய கண்ணாடிக் கட்டையை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்து மெலிதாக்குவார்கள். நாம் இழுக்க முடியாது, அறுந்துவிடும். அமுக்கித்தான் மெலிதாக்க வேண்டும். இந்த வேலை செய்கிறவர்கள் அந்தக் கட்டையைக் கேன் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் வாயில் ஒட்டவில்லை. தடித்து இருக்கும்போது கட்டை, மெலிந்தபிறகு கோல், நறுக்கியபிறகு வில்லை. இப்படித்தான் நான் சொல்வேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பாலிமர் கிளே பெயரில்தான் களிமண். உண்மையில் இது பிவிசி பிளாஸ்டிக்கின் நுண்ணிய துகள், அதை இளக்கமாக வைக்கிற ஒரு திரவம், நிறமி, இவற்றின் கலவை. அதனால் காற்றில் காயாது. பாதியில் மூடி வைத்துவிட்டுப் பத்து நாள் கழித்து வந்தாலும் வேலை காத்திருக்கும். ஓவன் சூட்டில்தான் துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்படும். ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குரூஸின் மகள் தானே உருவாக்கிய கலவை ஒன்று 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று ஃபிமோ என்று கிடைப்பது அதன் வழி வந்ததுதான்.

வாங்கும்போது கொஞ்சம் கெட்டியான வகையைத் தேர்ந்தெடுங்கள். ஃபிமோ புரொஃபெஷனல், பிரீமோ, காட்டோ மூன்றும் இந்த வேலைக்கு நன்றாக நிற்கும். தொட்டாலே குழைகிற வகைகள் சிலை செய்யச் சுகமாக இருக்கும். கோடுகள் உள்ள கட்டைக்கு ஆகாது, ஒன்றோடொன்று இழுவிவிடும். சாமான் அதிகம் வேண்டாம். வழவழப்பான ஒரு ஓடு அல்லது கண்ணாடிப் பலகை, அக்ரிலிக் உருளை, டிஷ்யூ பிளேடு என்று விற்கிற நீளமான மெல்லிய பிளேடு, தடித்த ஊசி, ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர். கைசுற்றும் பாஸ்தா மெஷின் இருந்தால் வேலை பாதியாகும். இந்த வேலைக்கு எடுத்த எதையும் மறுபடி சமையலுக்குக் கொண்டுபோகக் கூடாது. மெஷினை எவ்வளவு கழுவினாலும் உருளைகளின் இடுக்கில் ஒட்டியிருப்பது போகாது.

பிசைவது

பாக்கெட்டைப் பிரித்தவுடன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். எவ்வளவு மிருதுவாகத் தெரிந்தாலும் பிசைந்தே ஆக வேண்டும். மெஷினில் பதினைந்து இருபது தடவை மடித்து மடித்து விடுங்கள். மடித்த ஓரம் முதலில் உள்ளே போகட்டும், அல்லது பக்கவாட்டில் இருக்கட்டும். மடிப்பு மேலே இருந்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வேகும்போது மணியில் கொப்புளமாக எழும்பும். தகட்டை மடித்தால் ஓரத்தில் விரிசல் தெரியக் கூடாது. அதுதான் பதம்.

வெள்ளையை முதலில் பிசைந்து மூடி வையுங்கள். அப்புறம் மஞ்சள், அப்புறம் மற்றவை, கடைசியில் கருமையானது. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் கையை ஈர டிஷ்யூவால் துடைக்க வேண்டும். கறுப்பையும் சிவப்பையும் தொட்ட விரல் சுத்தமாக இருப்பது போலத்தான் தெரியும், வெள்ளையைத் தொட்டபிறகுதான் உண்மை வெளிப்படும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒரு கட்டைக்குள் போகிற எல்லா நிறமும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். என் முதல் கட்டையில் வெள்ளை புதிது, நீலம் பல மாதம் கிடந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பிசைந்தேன், இரண்டும் சரியாகத்தான் தோன்றியது. அமுக்க ஆரம்பித்ததும் வெள்ளை இரண்டு முனையிலும் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது. நடுவில் வெட்டிப் பார்த்தால் நீலம் திரண்டு கிடக்கிறது, வெள்ளை இதழ்கள் நூலாகிவிட்டன. இளகினது ஓடும், கெட்டியானது நிற்கும், அவ்வளவுதான் காரணம். இப்போது ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிறு உருண்டை செய்து வரிசையாக வைத்து, ஒரே விரலால் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திப் பார்க்கிறேன். ஒன்று அதிகம் பதிந்தால் அதைத் தகடாக்கி வெள்ளைக் காகிதத்தின் நடுவில் வைத்து மேலே புத்தகம் வைத்துவிடுவேன். காகிதம் திரவத்தை உறிஞ்சி எண்ணெய்க் கறை போல ஆகும், கிளே கெட்டிப்படும். சில மணி நேரத்தில் போதும்.

இதழும் கட்டையும்

நிறம் தேர்ந்தெடுக்கும்போது அழகை விட வித்தியாசத்தைப் பாருங்கள். நீலமும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாக இருக்கும்போது நன்றாகவே பிரிந்து தெரியும். எட்டு மில்லிமீட்டருக்கு வந்ததும் இரண்டும் சேர்ந்து ஒரே இருட்டு. பிசைந்த உருண்டைகளைச் சேர்த்து வைத்து போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்ப்பேன். படத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறங்களை அடுத்தடுத்து வைக்க மாட்டேன். கரும்பச்சைப் பின்னணிக்கு முன்னால் இதழின் ஓரம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்வது இதனால்தான்.

இதழ் உள்ளே நீலமாகத் தொடங்கி ஓரத்தில் வெள்ளையாக வெளிற வேண்டும். இதற்கு ஜூடித் ஸ்கின்னர் என்பவரின் முறை ஒன்று இருக்கிறது. ஸ்கின்னர் பிளெண்ட் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. வெள்ளையில் ஒரு செங்கோண முக்கோணம், நீலத்தில் ஒரு செங்கோண முக்கோணம் வெட்டி, சாய்ந்த பக்கங்களை ஒட்டிச் செவ்வகமாக்குங்கள். இரண்டும் சேர்ந்து 57 கிராம் பாக்கெட் ஒன்றின் அளவு இருக்கட்டும். கீழ் ஓரத்தை மேல் ஓரத்துக்கு மடித்து மெஷினில் விடுங்கள். மறுபடி அதே மாதிரி, அதே திசையில் மடியுங்கள். நீல ஓரம் எப்போதும் நீல ஓரத்தின் மேல் படிய வேண்டும். திசையை ஒரு தடவை மாற்றினாலும் எல்லாம் ஒரே வெளிர்நீலமாகிவிடும். பத்துத் தடவைக்குப் பட்டை பட்டையாக இருக்கும், கைவிட்டுவிடத் தோன்றும். இருபது இருபத்தைந்தாவது தடவையில் கோடே இல்லாமல் நீலம் வெள்ளைக்குள் கரைந்திருக்கும்.

இப்போது தகட்டை மடித்துக் குறுக்கி, தொண்ணூறு டிகிரி திருப்பி, ஒரு நிறம் முதலில் போகும்படி மெஷினில் விட்டால் நீண்ட நாடாவாக வரும். ஒரு முனை நீலம், மறுமுனை வெள்ளை. நீல முனையிலிருந்து காற்று புகாமல் பாய் சுருட்டுவது போலச் சுருட்டுங்கள். அமுக்கிச் சீர் செய்தால் ஏறக்குறைய 3 செ.மீ. குறுக்களவும் 4 செ.மீ. உயரமும் உள்ள ஒரு உருளை கிடைக்கும். உள்ளே நீலம், வெளியே வெள்ளை.

இதழுக்கு நரம்பு வேண்டும். உருளையை நிறுத்திவைத்து, மேலிருந்து கீழாக மூன்று இணையான வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கருநீலத் தகட்டை நுழைத்து மறுபடி சேர்த்து அழுத்துங்கள். தகடு எவ்வளவு தடிமன்? இங்கே ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இந்த உருளை 3 செ.மீ.யிலிருந்து 1.2 செ.மீ.க்குக் குறையப் போகிறது. அப்புறம் முழுப் பூவும் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். இன்றைக்கு ஒரு மில்லிமீட்டர் வைத்த தகடு கடைசி மணியில் 0.08 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. வெள்ளை ஓரத்தில் அந்த முடி தெளிவாகத் தெரியும், நீலத்துக்குள் போனதும் மறைந்துவிடும். உண்மையான இதழிலும் நரம்பு அப்படித்தானே ஓரத்தில் தெரிந்து உள்ளே போய் மங்குகிறது! எனக்கு இந்த ஒரு மில்லிமீட்டர் பிடித்துப்போய்விட்டது, மாற்றுவதே இல்லை.

உருளையை 1.2 செ.மீ.க்கு மெலிதாக்கினால் (எப்படி என்று கீழே சொல்கிறேன்) 25 செ.மீ. நீளம் வரும். அதை 4 செ.மீ. துண்டுகளாக ஆறு வெட்டுங்கள். நடுப்பொட்டுக்கு மஞ்சளில் ஒரு கோல் உருட்டி, மெல்லிய பழுப்புத் தகட்டால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அதுவும் 1.2 செ.மீ. இருக்க வேண்டும். ஒரே பருமனுள்ள ஆறு உருளைகள் அதே பருமனுள்ள ஓர் உருளையைச் சுற்றி இடைவெளி இல்லாமல், நெருக்கியடிக்காமல் கச்சிதமாக உட்காரும். ஐந்து இதழ் வேண்டுமென்றால் நடுக்கோல் இதழின் பருமனில் பத்தில் ஏழு பங்கு இருக்க வேண்டும். இது தெரியாமல் ஐந்து இதழ் வைத்து, கடைசி இதழுக்கும் முதல் இதழுக்கும் நடுவே விட்டுப்போன இடத்தை எதைக் கொண்டு அடைப்பது என்று நான் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

ஆறு இதழையும் வைக்கும்போது நரம்புகள் எல்லாம் நடுப்பொட்டை நோக்கி நிற்கும்படி திருப்பி வையுங்கள். இரண்டு முனையையும் பாருங்கள், ஒரு முனை மட்டும் பார்த்தால் போதாது. அப்புறம் இடைவெளிகள். இதழுக்கும் இதழுக்கும் நடுவே வெளிப்பக்கம் ஆறு பள்ளம், உள்பக்கம் நடுப்பொட்டை ஒட்டி ஆறு சிறு துளை. துளைகளில் கரும்பச்சை நூல், பள்ளங்களில் முக்கோண வடிவக் கரும்பச்சைத் துண்டு. ஒன்றைக் கூட விடக் கூடாது. வெற்றிடம் இருந்தால் அமுக்கும்போது பக்கத்து இதழ் அதற்குள் வழிந்துவிடும், பூ கோணிக்கொள்ளும். கடைசியாக 3 மி.மீ. கரும்பச்சைத் தகட்டால் முழுவதையும் சுற்றினால் கட்டை தயார்.

சுருக்குவது

இந்த வேலையில் கை பழக வேண்டிய இடம் இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் படித்துச் செய்துவிடலாம்.

புதிதாகச் செய்கிறவர்கள் கட்டையைப் படுக்கவைத்து உருட்டத் தொடங்குவார்கள். உருட்டினால் மேல்தோல் மட்டும்தான் நகரும், உள்ளே இருக்கிற பூ நகராது. கொஞ்ச நேரத்தில் முனைகள் கிண்ணம் போலக் குழிந்துவிடும்: பச்சைத் தோல் முன்னால் ஓடிவிட்டது, பூ பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். இடது கையும் வலது கையும் ஒரே வேகத்தில் போகாவிட்டால் பூ உள்ளுக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும்.

கட்டையை நிமிர்த்தி நிறுத்துங்கள். அதன் இடுப்பை இரண்டு கை விரல்களாலும் சுற்றிப் பிடித்து, மெதுவாக நெருக்குங்கள். கொஞ்சம் திருப்பி மறுபடி நெருக்குங்கள். திருப்பி, நெருக்கி, தலைகீழாக நிறுத்தி, மறுபடி. முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காது. கல்லைப் பிடித்த மாதிரி இருக்கும். அவசரப்பட்டு பலம் கொடுத்தால் வெளித்தோலில் விரல் பள்ளம் விழும், அவ்வளவுதான். கையின் சூடு உள்ளே இறங்க வேண்டும். இறங்கியதும் ஒரு கணத்தில் கட்டை முழுவதும் இளகி உங்கள் விரல்களுக்குக் கீழே நகர்வது தெரியும், அதைத் தவறவிடவே மாட்டீர்கள். இப்போது இடுப்பு ஒடுங்கி இரண்டு முனையும் அகன்று உடுக்கை மாதிரி இருக்கும். அதுதான் வேண்டும். நடுப்பகுதிதான் முதலில் நகர வேண்டும். அது நகர்ந்தபிறகு முனைகளுக்குப் போங்கள்.

இனிமேல் படுக்கவைக்கலாம். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வெளிநோக்கி நீவுங்கள், கால் சுற்றுத் திருப்பி மறுபடி நீவுங்கள். நீளம் நன்றாக வந்தபிறகு, தோலைச் சமமாக்க மட்டும் லேசாக உருட்டலாம். சூடு குறைந்து இறுகுவது போலத் தெரிந்தால் நிறுத்திக் கையில் வைத்திருங்கள். ஏற்கெனவே ஆறிப்போன பழைய கட்டை என்றால் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரமாவது வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். குளிர்ந்த கட்டையை அமுக்கினால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது.

முனையைப் பார்த்துப் பூவின் கதி இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். முனையில் பூ எப்போதும் சிதைந்துதான் இருக்கும். கட்டை 2 செ.மீ. தடிமனுக்கு வந்ததும் (அப்போது நீளம் 17 செ.மீ. சொச்சம்) இரண்டு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எடுங்கள். பிளேடு இறங்கி, மங்கலாக நசுங்கிய துண்டு விலகியதும், அதன் பின்னாலிருந்து ஆறு இதழும் முழுசாக, முடி போன்ற நரம்போடு நிமிர்ந்து பார்க்கும். எத்தனையோ கட்டை செய்தாகிவிட்டது, அந்த இடத்தில் இன்னும் எனக்குக் கை நடுங்குகிறது.

பாதியைத் தடிமனாகவே எடுத்து வைத்துவிடுங்கள். பெரிய பூ வேண்டுமென்று பின்னால் தோன்றும். மீதிப் பாதியை 8 மி.மீ.க்கு மெலிதாக்கினால் ஏறக்குறைய 48 செ.மீ. நீளக் கோல் வரும். குறுக்களவு பாதியானால் நீளம் நான்கு மடங்கு என்ற கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எதற்கும் அளவு போட்டுவிடலாம்.

நறுக்கி ஒட்டுவது

கோலை ஒரு இரவு ஓய்வாக விடுங்கள். நறுக்குவதற்கு முன் கால் மணி நேரம் பிரிட்ஜில், டப்பாவுக்குள் மூடி வையுங்கள். சூடான கோலை நறுக்கினால் பிளேடு பூவையும் சேர்த்து இழுக்கும். ஒரு வில்லைக்கு ஒரு மில்லிமீட்டர். நேர்கீழே பார்த்து, ஒரே அழுத்தாக இறக்குங்கள், அறுக்காதீர்கள். ஒவ்வொரு வில்லைக்கும் கோலைக் கால் சுற்று உருட்டிக்கொண்டே போனால் அடிப்பக்கம் தட்டையாகாது.

மணியின் உள்ளுருண்டைக்கு நல்ல நிறம் வேண்டாம், மிச்சம் மீதியைக் கலந்து 11 மி.மீ. உருண்டை செய்யுங்கள். ஒரு மணிக்கு ஆறு பூ: மேலே ஒன்று, கீழே ஒன்று, இடுப்பைச் சுற்றி நாலு. பகடைக்காயின் ஆறு முகம் மாதிரி. பகடைக்கு எட்டு மூலை இருப்பது போல இங்கேயும் எட்டு முக்கோண இடைவெளி மிஞ்சும். அவற்றில் கரும்பச்சையில் சிறு பொட்டு வையுங்கள். அப்புறம் உள்ளங்கைகளுக்கு நடுவில், எடையே இல்லாத மாதிரி, வட்டமாக உருட்டுங்கள். ஒட்டுக்கோடு மறைந்த உடனே நிறுத்துங்கள். இன்னும் வழவழப்பாக்கலாம் என்று ஆசைப்பட்டு உருட்டினால் பூக்கள் ஒரு பக்கமாகச் சாயும். முடிந்த மணி 12, 13 மி.மீ. இருக்கும்.

துளையைப் பூவின் நடுவில் போடாதீர்கள், இவ்வளவு பாடுபட்ட பிறகு இரண்டு பூவை ஏன் இழக்க வேண்டும்? எதிரெதிரே இருக்கிற இரண்டு முக்கோணப் பொட்டுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் வழியாகப் போடுங்கள். கோத்தபிறகு இரண்டு துளையையும் மும்மூன்று பூ சூழ்ந்திருக்கும். மணியை அரை மணி நேரம் ஆறவிட்டு, ஊசியைத் திருகித் திருகி இறக்கி, மறுபக்கம் நுனி எட்டிப் பார்த்ததும் வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து உள்நோக்கிக் குத்துங்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் வெளியேறும் இடத்தில் பிசிறு எழும்பும்.

வேகவைப்பதும் பளபளப்பும்

சூட்டின் அளவு பாக்கெட்டில் எழுதியிருக்கும், அதை மட்டும் நம்புங்கள். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், பிரீமோவுக்கு 130, காட்டோவுக்கு 150. ஆனால் ஓவனின் திருகு காட்டுகிற எண்ணை நம்பாதீர்கள். என் ஓவனின் திருகு 130இல் நிற்கும்போது உள்ளே வைத்த தெர்மாமீட்டர் 150ஐத் தாண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு தட்டு வெள்ளை மணிகள் பழுப்பாகிவிட்டன. காலி ஓவனை இருபது நிமிடம் சூடாக்கி, தெர்மாமீட்டர் நிலையாக நின்றபிறகுதான் மணிகளை வைக்க வேண்டும். மணிகளை மெல்லிய கம்பிகளில் கோத்து, ஒன்றையொன்று தொடாமல், ஒரு தட்டின் விளிம்புகளில் கம்பி தங்கும்படி வையுங்கள். மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி மூடினால் வெளிர் நிறம் கெடாது.

6 மி.மீ. தடிமனுக்கு அரை மணி என்பது பொதுவான கணக்கு. இந்த மணிக்கு நான் ஒரு மணி நேரம் வைக்கிறேன். சரியான சூட்டில் நேரம் கூடினால் மணி வலுவாகுமே தவிரக் கெடாது. அரைவேக்காடாக எடுத்ததுதான் பிற்பாடு விரிந்து உடையும். சூடு மிகவும் கூடினால் பிவிசி கருகி ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். நெடி எரிச்சலாக அடித்தால் ஓவனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். மைக்ரோவேவ் இதற்கு ஆகாது. வெளியே எடுத்தவுடன் மணி ரப்பர் மாதிரி லேசாக அழுந்தும், வேகவில்லை என்று நினைக்க வேண்டாம், ஆறினால்தான் இறுகும்.

பளபளப்புக்குத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாள். தாளின் எண் 400, 600, 800, 1000 என்று ஏறிக்கொண்டே போங்கள். உலர்வாகத் தேய்த்தால் தூள் பறந்து மூச்சில் ஏறும். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் வேகமாகத் தேய்த்தால் மெழுகு பூசிய மாதிரி மினுங்கும், எனக்கு அதுவே போதும். வார்னிஷ் வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் வகை பூசுங்கள். நெயில் பாலிஷ் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

மிஞ்சிய கோலைப் பட்டர் பேப்பரில் சுற்றி வெயில் படாத இடத்தில் வையுங்கள். டப்பா பாலிப்ரோப்பிலீனாக இருக்கட்டும். உடைந்தால் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகிற பாலிஸ்டைரீன் டப்பாவை வேகாத கிளே அரித்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். வெட்டிப் போட்ட சிதைந்த முனைகளைத் தூக்கி எறியாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து மூடி வைத்தால் அடுத்த ஐம்பது மணிக்கு உள்ளுருண்டை தயாராக இருக்கும்.